ஃபோர்ட் வான்கூவர் கோட்டை முதலில் எங்கே இருந்தது? ஏன் இடம் மாற்றினார்கள்?

பெயரைப் பார்த்துக் கனடாவில் தேட வேண்டாம். இது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் வடகரையில் இருக்கிறது.

பீவர் தோல் வாங்கி விற்ற பிரிட்டிஷ் நிறுவனமான ஹட்சன் பே கம்பெனிக்கு அதற்கு முன் ஆற்று முகத்துவாரத்தின் தென்கரையில் ஃபோர்ட் ஜார்ஜ் இருந்தது. அந்த நிலம் பிரிட்டனுக்கா அமெரிக்காவுக்கா என்று அப்போது முடிவாகவில்லை. ஆறுதான் எல்லையாகும், தென்கரை கைவிட்டுப் போகும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. 1824-இல் வந்த கம்பெனி ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சனுக்குச் சாப்பாட்டுச் செலவும் உறுத்தியது. கப்பலில் உணவு வரவழைப்பதைக் குறைக்க, பயிர் செய்ய நிலம் வேண்டும். முகத்துவாரத்திலிருந்து சுமார் 100 மைல் உள்ளே நல்ல புல்வெளி கிடைத்தது.

1825 மார்ச் 19 அன்று, சூரியன் உதிக்கும் நேரத்தில், சிம்ப்சன் கொடிமரத்தில் ரம் பாட்டிலை உடைத்துப் பெயர் சூட்டினார். அந்தக் கடற்கரையை ஆராய்ந்த பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் பெயரை வைத்தால் பிரிட்டனின் உரிமை பேசப்படும் என்பது எண்ணம்.

அந்த முதல் கோட்டை ஆற்றங்கரையில் இல்லை, தள்ளி ஒரு மேட்டின் மேல் இருந்தது. யாராவது தாக்கினால் காத்துக்கொள்ளலாம், வெள்ளமும் எட்டாது. ஆனால் வந்தது தாக்குதல் அல்ல, தினசரிப் பாடு. குடிக்கத் தண்ணீரிலிருந்து கப்பல் சரக்கு வரை எல்லாவற்றையும் கீழே இருந்து மேட்டுக்கு இழுக்க வேண்டும். அதனால் 1829-இல், பொறுப்பிலிருந்த ஜான் மெக்லாக்லின் காலத்தில், ஆற்றுக்குப் பக்கத்துச் சமவெளியில் புதுக் கோட்டை எழுந்தது. மேட்டைத் தேர்ந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றியிருந்த பழங்குடி மக்களைப் பழகித் தெரிந்துகொள்ளும் வரை அதுதான் நியாயமான இடம்.

இதில் விடக்கூடாதது ஒன்று. 1830 முதல் பரவிய காய்ச்சல், பெரும்பாலும் மலேரியா, சுற்றியிருந்த சினூக் பழங்குடி ஊர்களைக் காலி செய்தது. கோட்டை வளர்ந்த கதையை மட்டும் சொல்லி இதைத் தாண்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த 1846 ஒப்பந்தம், ஆற்றுக்கு வடக்கே உள்ள 49-ஆம் இணைகோட்டை எல்லையாக்கியது. வடகரையும் அமெரிக்காவுக்கே போனது. 1860-இல் கம்பெனி வெளியேறியது. 1866-இல் கட்டடங்கள் எரிந்தன.

இன்று நீங்கள் போனால் பார்ப்பது இரண்டாவது இடத்தில் திரும்பக் கட்டிய மரவேலி. முதல் இடம் காது கேளாதோர் பள்ளி இருக்கும் மேட்டுப் பக்கம். நேரம் இருந்தால் அங்கிருந்து ஆறு வரை நடந்து பாருங்கள், ஏன் இறங்கினார்கள் என்பது புரியும்.