‘ஃப்ரோஸன்’ என்று வந்தால் எஸ்எஸ்டி செத்துவிட்டதா?

ஒரு வாசகர் கேட்கிறார்: “பழைய லேப்டாப்பை விற்கிறேன். உள்ளே சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி (சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்). பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, எச்டிபார்ம் என்ற கட்டளைக் கருவி மூலம் ‘செக்யூர் எரேஸ்’ (டிரைவே தன்னை முழுதாக அழித்துக்கொள்ளும் கட்டளை) கொடுக்கப் பார்த்தேன். ‘ஃப்ரோஸன்’ என்கிறது. டிரைவ் போய்விட்டது, கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார் கடைக்காரர். உண்மையா?”

இல்லை. கொடுக்காதீர்கள். உங்கள் பான் கார்டு நகலும் குடும்பப் படங்களும் அதற்குள்தான் இன்னும் இருக்கின்றன.

கணினி எழும்போதே பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) டிரைவுக்கு ஒரு பூட்டுக் கட்டளை அனுப்பிவிடுகிறது. அந்தப் பூட்டுக்குத்தான் ‘ஃப்ரோஸன்’ என்று பெயர். வைரஸ் புகுந்து கடவுச்சொல் வைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் அதை நீக்க உரிமையாளருக்கு ஒரு பொத்தான்கூடத் தராத லேப்டாப்புகள் எத்தனை! காசு கொடுத்து வாங்கிய பொருளைத் துடைக்க நாம் ஏன் இப்படித் திண்டாட வேண்டும்?

லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே ‘நாட் ஃப்ரோஸன்’ என்று மாறிவிடும். அப்புறம் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து, அதே சொல்லோடு அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டிவையுங்கள். சார்ஜரைக் கழற்றாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் பூட்டியபடி நின்றுவிடும். அந்தச் சொல் இருந்தால்தான் மறுபடி தொடங்கலாம். போன மாதம் அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தது. வைத்தவருக்கே சொல் நினைவில்லை.

டிரைவைக் கழற்றி, யுஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டியில் போட்டு இதைச் செய்யாதீர்கள். கட்டளையை நடுவில் இருக்கும் சிப் மொழிபெயர்க்கிறது. சில சிப்கள் பாதியை விழுங்கிவிடும். டிரைவின் விவரம் சரியாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். விவரம் கேட்கும் கட்டளையைக் கடத்திவிடும் பெட்டி, அழிக்கும் கட்டளையில் நேரம் கடந்துவிட்டது என்று இணைப்பைத் துண்டிக்கலாம். கடவுச்சொல் பதிந்திருக்கும், அழிப்பு முடிந்திருக்காது. நேரடி சாட்டா இணைப்பு மட்டும்தான்.

‘லோ லெவல் ஃபார்மட்’ என்று கடையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே ஓடுவது பெரும்பாலும் பூஜ்ஜியம் எழுதும் மென்பொருள். எஸ்எஸ்டி தன்னிடம் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடத்தை அது முழுதாக எட்டும் என்று உறுதியில்லை.

அழிப்பு முடிந்ததும் எச்டிபார்மில் ‘நாட் எனேபிள்டு’ (கடவுச்சொல் பூட்டு இல்லை) என்று வருகிறதா பாருங்கள். வந்த பிறகு தாளைக் கிழித்துப் போடலாம்.