இங்கிலாந்தில் கால்வாய்ப் படகிலேயே குடியிருப்பவர்கள், கொரோனா ஊரடங்கின்போது படகில் உட்கார்ந்தபடி மீன் பிடிக்க அனுமதி இருந்ததா?

இந்தக் கேள்வியை இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறீர்கள் என்றால், அன்று கரையில் போன யாரோ உங்களைத் திட்டியிருக்கிறார்கள், அது இன்னும் உங்களுக்கு ஆறவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். படகுதான் உங்கள் வீடு என்றால், அதன் பின்பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டதற்காக ஊரடங்குச் சட்டம் உங்களைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமை உங்களுக்கு இருந்ததா என்பது தனிக் கதை. பெரும்பாலும் இருந்திருக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் அன்று பாதிச் சண்டை வந்தது.

நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவர்கள் கருத்துப் பெட்டியில் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

2020 மார்ச் 26 அன்று இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதியில், தகுந்த காரணம் இல்லாமல் ஒருவர் தான் வசிக்கும் இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றுதான் இருந்தது. செங்கல் கட்டடம் என்று எங்கும் இல்லை. வசிக்கும் இடம் என்றால் அதோடு சேர்ந்த தோட்டம், முற்றம், நடை, படிக்கட்டு, கார் நிறுத்தும் கொட்டகை எல்லாம் அதில் அடங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 22-ல் 'வெளியே போகவோ வெளியே இருக்கவோ கூடாது' என்று இன்னும் இறுக்கினார்கள். அப்போதும் என் படகின் பின்தளம் எனக்கு வீட்டுத் திண்ணைதான். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம் என்றால் தூண்டிலும் போடலாம். இது என் வாசிப்பு. வார இறுதியில் மட்டும் படகுக்கு வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வீடு தரையில் இருந்தது. வெளியில் இரவு தங்க ஜூலை 4 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மீன்பிடி உரிமைக்கு வருவோம். படகு லைசென்ஸ் இருந்தால் மீனும் பிடிக்கலாம் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. 13 வயது ஆகிவிட்டால் யாராக இருந்தாலும், தூண்டில் போடுவதற்கென்று அரசின் சுற்றுச்சூழல் முகமை தரும் ராட் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும். அதுவும் போதாது. அந்தப் பகுதியின் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களின் அனுமதியும் வேண்டும். கால்வாய்கள் பெரும்பாலும் 'கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்கிற அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன. அவர்கள் பல பகுதிகளின் உரிமையை உள்ளூர் மீன்பிடி கிளப்புகளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நீங்கள் கரையில் நின்று போட்டாலும் சரி, சொந்தப் படகின் ஜன்னல் வழியாகப் போட்டாலும் சரி, தூண்டில் முள் விழுவது அவர்கள் குத்தகைத் தண்ணீரில்தான்.

ஆறுகளுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடித் தடைக்காலம் உண்டு. பெரும்பாலான கால்வாய்களுக்கு அது இல்லை. அதையும் இங்கே சிலர் போட்டுக் குழப்புகிறார்கள்.

இனி என் கதை. ஊரடங்கு வந்தபோது கிராண்ட் யூனியன் கால்வாயில், ட்ரிங் ஊர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். படகைக் கட்டி நிறுத்த எனக்கு நிரந்தரத் துறை கிடையாது. அப்படிப்பட்ட படகுகள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ம் ஆண்டுச் சட்டம். கொரோனா வந்ததும் டிரஸ்ட் அதை நிறுத்திவைத்தது. தண்ணீர் பிடிக்க, கழிவுப் பெட்டி காலி செய்ய, எரிபொருள் வாங்க மட்டும் நகருங்கள், மற்றபடி நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்றார்கள். நின்றோம்.

அதில் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தக் கால்வாய்த் தண்ணீர் எப்போதும் டீ நிறத்தில் இருக்கும். படகுகள் போய்வரும்போது பின்னால் சுழலும் விசிறி அடிச்சேற்றைக் கிளப்பிக்கொண்டே இருப்பதுதான் காரணம். படகு ஓட்டம் நின்றதும் சேறு படிந்து, தண்ணீர் தெளிந்துவிட்டது. படகு நிழலில் பெர்ச் மீன்கள் நின்றன. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, வயிற்றுப் பக்கம் சிவப்புத் துடுப்பு. ஒரு சின்ன மீன் கூட்டம் கடந்தால் முதுகு முள் விறைத்து எழும், பட்டென்று ஒரு பாய்ச்சல், மறுபடி நிழலுக்கே திரும்பிவிடும். மன்னார்குடி பக்கம் வாய்க்காலில் மண்புழுவும் தக்கையுமாக வளர்ந்தவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆமாம், சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ராட் லைசென்ஸ் இருந்தது. கிளப் உறுப்பினர் அட்டை இருந்தது. ஆனால் எங்கள் கிளப் தன் தண்ணீர் முழுவதையும் மூடிவிட்டது. நான் இங்கேயே குடியிருக்கிறேன், கரையில் கால் வைக்க மாட்டேன், படகிலிருந்து போடலாமா என்று செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். "உங்கள் நிலை புரிகிறது, ஆனால் ஒருவர் போடுவதைப் பார்த்தால் பத்துப் பேர் காரில் வந்து இறங்குவார்கள், தயவுசெய்து வேண்டாம்" என்று பதில் வந்தது. நியாயமான பதில். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நியாயம்தான். தூண்டிலைக் கூரைமேல் கட்டி வைத்தேன்.

அம்மாவுக்குத்தான் இது புரியவே இல்லை. "தண்ணியில குடியிருந்துகிட்டு மீன் வாங்கக் கடைக்கு ஏன்டா அலையிற?" என்று வாட்ஸ்அப்பில் தினமும் கேட்பாள். இங்கே கால்வாயில் பிடித்த மீனை முள்ளைக் கழற்றித் திருப்பி விட்டுவிட வேண்டும், குழம்பு வைக்க முடியாது என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "அப்பறம் அத எதுக்குப் புடிக்கிறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு இந்தத் தளத்தில் யாராவது தனியாகப் பதில் எழுதினால் ஆதரவு வாக்கு போடுகிறேன்.

மே 13 அன்று இங்கிலாந்தில் மீன்பிடிப்புக்கு அனுமதி வந்தது. தனியாகவோ, வீட்டு ஆட்களுடனோ, வேறு வீட்டு ஆள் ஒருவருடன் 2 மீட்டர் தள்ளி நின்றோ பிடிக்கலாம். கிளப்பும் திறந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியது. தூண்டில் கடைகள் மூடிக் கிடந்ததால் இரைப்புழு கிடைக்கவில்லை. டின் மக்காச்சோளத்தைத் திறந்து ஒரு மணியை முள்ளில் குத்தி எதிர்க்கரைப் புதர் ஓரமாகப் போட்டேன்.

தக்கை அசைவதற்கு முன்பே சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். முகக்கவசம் இல்லை. என் ஜன்னலுக்கும் அவருக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

"வீட்டுக்குப் போ! உன்னைப் போன்ற ஆட்களால்தான் ஊரே சாகிறது."

"ஐயா, நான் வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள்தான் வெளியே நிற்கிறீர்கள்."

அவருக்கு அது உறைக்கவில்லை. போட்டோ எடுத்தார், போலீசுக்குச் சொல்வேன் என்றார். சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். அதற்காகவே வந்தாரா, ரோந்தில் வந்தாரா தெரியாது. கூரைமேல் விறகு மூட்டை, கொடியில் துணி, புகைபோக்கியில் புகை. ஒரு பார்வை பார்த்தார். "இங்கேயே இருக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். ராட் லைசென்ஸை எடுத்து நீட்டினேன், அதை வாங்கக்கூட இல்லை. "ஏதாவது கடித்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊரே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு மீன் ஒரு கேடா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அந்த வாரங்களில் நான் பார்த்தது இதுதான். டோபாத் என்கிற கரையோர நடைபாதை எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. குடியிருப்புப் படகுகள் நிற்கும் இடத்தில் கூட்டம் சேராதீர்கள் என்று டிரஸ்ட் கேட்டுக்கொண்டும், ஊரில் பாதிப் பேர் அதில்தான் ஓடினார்கள். மூச்சிரைக்க ஓடுகிறவர் என் அடுக்களை ஜன்னல் பக்கத்தில் நின்று இருமிவிட்டுப் போவார். பக்கத்துப் படகில் எழுபதைத் தாண்டிய பெரியவர், நெஞ்சுச் சளிக்காரர். கரைப்பக்க ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். நேரோபோட் என்கிற இந்த ஒடுங்கிய கால்வாய்ப் படகின் அகலமே ஏழடி. விலகிப் போக எங்கே இடம்?

அவருக்குச் சாமான் வாங்க நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஒரு பெரிய கடையின் இணையதளத்தில் வீட்டுக்கு டெலிவரி கேட்டால் அஞ்சல் குறியீடு கேட்டது. எங்களுக்கு ஏது? பக்கத்துப் பாலத்தை ஒட்டிய மதுக்கடையின் குறியீட்டைப் போட்டால், இது வணிக முகவரி, ஏற்க முடியாது என்றது. போனில் பிடித்துச் சொன்னால் "கதவு எண் என்ன?" என்கிறார்கள். ஒரு மருத்துவமனையிலும் இதே பாட்டு. முகவரிச் சான்று இல்லை என்பதற்காக இங்கே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்வதை மறுக்கக் கூடாது என்பது விதி. வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் படிவமே கொடுத்தார்கள். வரியும் கட்டுகிறோம், லைசென்ஸும் கட்டுகிறோம், ஆனால் கதவு எண் இல்லாதவன் மனிதனில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மீன் பிடித்ததற்காகத்தான் அன்று உங்களுக்கு அபராதம் போட்டார்கள் என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று சீட்டைப் பாருங்கள். ஊரடங்கு அபராதம் முதலில் 60 பவுண்டு, மே 13-லிருந்து 100. அதுவாக இருந்து, நீங்கள் படகிலேயே இருந்திருந்தால், கேள்வி கேட்க இடம் இருந்திருக்கிறது. ராட் லைசென்ஸ் இல்லாததற்கு வந்த வழக்கு என்றால் ஊரடங்கைச் சாக்குச் சொல்லாதீர்கள், எடுபடாது. கிளப் அனுமதி இல்லாமல் போட்டிருந்தால் அது உங்களுக்கும் உரிமைக்காரர்களுக்கும் இடையிலான பிரச்சினை. வேல்ஸில் நின்றிருந்தால் அங்கே விதிகளும் தேதிகளும் வேறு, நான் சொன்னது இங்கிலாந்துக்கு மட்டும்.

நவம்பரில் வந்த இரண்டாவது ஊரடங்கிலும் 2021 ஜனவரியில் வந்த மூன்றாவதிலும் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. மீன் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஜனவரியில் மட்டும் உடற்பயிற்சிக் கணக்கில், வீட்டுக்குப் பக்கத்திலேயே என்று. என் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தண்ணீர்தான். பிப்ரவரியில் அதுவும் உறைந்துபோய்விட்டது. தூண்டிலை மடக்கி வைத்துவிட்டு நிலக்கரி மூட்டைக்கு அலைந்தேன்.