முதல் கேமிங் கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1080பி திரைக்குப் போதுமான கிராபிக்ஸ் கார்டு, அதைவிடப் புள்ளிகள் (பிக்சல்கள்) அதிகமுள்ள 4கே திரையில் திணறும். திரை முடிவானால் கார்டு முடிவாகும். பட்ஜெட்டின் பெரும்பங்கு கார்டுக்கே போகட்டும். விலை உயர்ந்த பிராசசர் வாங்கிவிட்டு கார்டில் மிச்சம் பிடிப்பது கேமிங்குக்கு உதவாது.

அடுத்து பொருத்தம். பிராசசரின் சாக்கெட்டும் (அது மதர்போர்டில் பொருந்தும் இடத்தின் வகை) மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே வேலை செய்யும். டிடிஆர்4 அதில் நுழையக்கூட நுழையாது. கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்றும் அளந்து பாருங்கள்.

பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் வேண்டாம். மாடுலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். வேறு பவர் சப்ளையின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் உள்ளே மின் இணைப்பு வரிசை மாறியிருக்கலாம். ஒரே நொடியில் எஸ்எஸ்டியோ மதர்போர்டோ கருகிவிடும்.

அசெம்பிள் செய்வது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால், அவற்றைப் பொதுவாக பிராசசர் பக்கமிருந்து 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில் போட வேண்டும். பிராசசர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

அப்புறம், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் ரேம் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்றால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸிலும் 144 தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். பலருக்கு அது 60-லேயே நிற்கும்.