பதிவிறக்கம் இருக்கும்போது சிடி எதற்கு?

கேள்வி: பல ஆண்டுகளாகப் பாடல்களைக் காசு கொடுத்துப் பதிவிறக்கம் செய்து கணினியில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகளோ எல்பி இசைத்தட்டும் சிடியுமாக வாங்கி அடுக்குகிறாள். "உங்களிடம் இருப்பது வெறும் கோப்புதானே அப்பா" என்று கேலி வேறு. தட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒலி உண்மையிலேயே உயர்வா? நானும் வாங்குவதென்றால் எதை வாங்குவது? பெட்டியில் கிடக்கும் பழைய சிடிகளைக் கழித்துவிடலாமா?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒலியைப் பார்த்துவிடுவோம். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். தட்டு வாங்குவதற்கான காரணங்களில் வலுக் குறைந்ததும் அதுதான். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்ற கணக்கில் ஒலியைப் பதிகிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,411 கிலோபிட். நீங்கள் காசு கொடுத்து இறக்கிய கோப்பு பெரும்பாலும் 256 கிலோபிட்டாக இருக்கும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணைப் பார்த்தால் பெரிய நஷ்டம் போலத் தெரியும். ஆனால் காது கவனிக்காத பகுதிகளாகப் பார்த்துக் கழிப்பதில் இன்றைய சுருக்க முறைகள் மிகவும் தேறிவிட்டன. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால் பழகிய காதுகளும் தடுமாறும்.

எல்பி, அளந்து பார்த்தால், சிடியைவிடக் குறைபாடு மிகுந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் 12 அங்குலத் தட்டில், ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாடல்கள் உள்நோக்கி நகர நகர வேகம் குறைந்து, கடைசிப் பாடலில் அது சுமார் 20 சென்டிமீட்டர்தான். அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டியிருப்பதால், பாடகியின் 'ஸ', 'ஷ' ஒலிகள் அங்கே பிசிறடிக்கும். பக்கத்தின் கடைசியில் மென்மையான பாடலை வைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இருந்தாலும் தட்டு வேறு மாதிரி ஒலிக்கிறது என்று மகள் சொன்னால் அதைப் பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். வேறுபாடு பெரும்பாலும் ஊடகத்தில் இல்லை, மாஸ்டரிங்கில் இருக்கிறது. பதிவு முடிந்த பாடலை வெளியீட்டுக்கு முன் இறுதியாகச் செப்பனிடும் வேலை அது. 1990களிலிருந்து, மற்ற பாடல்களைவிடத் தன்னுடையது சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை நசுக்கிவிட்டார்கள். மெட்டாலிக்கா குழுவின் 2008ஆம் ஆண்டு ஆல்பத்தில் இது எல்லை மீறியது. அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் நசுக்கப்படாமல் வெளிவந்ததைக் கண்டுபிடித்த ரசிகர்கள், அந்த வடிவத்தையே விரும்பிக் கேட்டார்கள்.

இது உங்களுக்கு எப்படிப் பயன்படும்? பழைய ஆல்பம் ஒன்றை இன்று பதிவிறக்கம் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் பின்னாளில் மறுமாஸ்டரிங் செய்த வடிவம். முதல் வடிவம் கடையிலிருந்து சத்தமில்லாமல் போயிருக்கும். 1980களில் அச்சான சிடியில் அது அப்படியே இருக்கிறது. எந்த நிறுவனமும் உங்கள் அலமாரிக்குள் வந்து மாற்ற முடியாது. பழைய சிடி வாங்கும்போது பின்னட்டை ஆண்டை மட்டும் நம்பாமல், தட்டின் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஐஎஃப்பிஐ' என்று தொடங்கும் குறியீடு இருந்தால், அந்தத் தட்டு 1994 வாக்கிலோ அதற்குப் பிறகோ அச்சானது. புதிய எல்பிகளிலோ இப்படி நம்ப முடியாது. பலவும் பதிவிறக்கத்துக்குக் கொடுத்த அதே கோப்பிலிருந்து செதுக்கப்படுகின்றன. விலை மட்டும் வேறு.

இனி மகள் சரியாகச் சொன்ன பாதி. தட்டை வாங்கினால் அது உங்கள் சொத்து. கோப்பை வாங்கினால் பெரும்பாலும் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி. வாங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினோமே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கும். 2008இல் இது வெட்டவெளிச்சமானது. யாஹூ மியூசிக் தன் பாடல் கடையை மூடியது. விற்ற பாடல்களுக்கு உரிமம் சரிபார்க்கும் சர்வர்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக்கும் அதே ஆண்டில் அப்படித்தான் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியபின் தேதியைத் தள்ளிப்போட்டது. சர்வர் போனால், காசு கொடுத்து வாங்கிய பாடலைப் புதுக் கணினிக்கு மாற்ற வழியில்லை. 2009இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் பாடல் கடை இந்த உரிமப் பூட்டைக் கைவிட்டது. இன்று விற்கப்படும் கோப்புகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. ஆகவே மகளிடம் நீங்கள் ஒரு பதிலடி கொடுக்கலாம்: பூட்டில்லாத கோப்பை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பவர், ஒரே ஒரு தட்டு வைத்திருப்பவரைவிடப் பத்திரமாக இருக்கிறார்.

ஆனால் விற்பது, கொடுப்பது என்று வந்தால் தட்டுதான் ஜெயிக்கும். கேட்டு முடித்த சிடியை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய பொருள் கடையில் போடலாம். அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம், பயன்படுத்திய பாடல் கோப்புகளை மறுவிற்பனை செய்யச் சந்தை தொடங்கியது. இசை நிறுவனமான கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டது. கோப்பை அனுப்பும்போது புதிய பிரதி உண்டாகிறது, அது பதிப்புரிமை மீறல் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தட்டு கைமாறும்போது பிரதி எதுவும் உண்டாவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டால்தான் பழைய இசைத்தட்டுகளுக்குச் சந்தை இருக்கிறது, பழைய கோப்புகளுக்கு இல்லை.

ஸ்ட்ரீமிங் பக்கம் போனால் நிலைமை இன்னும் தளர்வு. ஒப்பந்தம் முடிந்தால் நேற்றிருந்த ஆல்பம் இன்று இருக்காது. இலவசமாகக் கிடந்ததும் நிலைக்கவில்லை: 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதை அந்நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. சொந்தப் பிரதி வைத்துக்கொள்ளாத சிறு குழுக்கள் தங்கள் இசையையே இழந்தன.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் இளைஞர்கள் வாங்குகிறார்களா என்றால், இல்லை. அமெரிக்காவில் 2022இல் 1987க்குப் பிறகு முதல்முறையாக எண்ணிக்கையில் எல்பி சிடியை முந்தியது, சுமார் 4.1 கோடி எல்பி, 3.3 கோடி சிடி. ஆனால் எல்பி வாங்குபவர்களில் பாதிப்பேரிடம்தான் அதை ஒலிக்கவிடும் கருவி இருக்கிறது என்று லுமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. மற்றவர்களுக்கு அது படம், கையெழுத்து, நினைவுப்பொருள், பிடித்த குழுவுக்குக் கொடுக்கும் மொய். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கச்சேரி அரங்க வாசலில் விற்கும் ஒரு தட்டு, பல்லாயிரம் ஸ்ட்ரீம்களில் வரும் பணத்தைக் கலைஞருக்கு ஒரே நாளில் தந்துவிடும்.

எனக்குப் பிடித்த காரணம் உள்ளே இருக்கும் சிறு புத்தகம். வயலின் வாசித்தவர் யார், எந்த ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர் யார், பாடல் வரி என்ன என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பதிவிறக்கக் கடையில் ஆல்பத்தின் பெயரும் பாடகர் பெயரும் சரியாக இருந்தாலே பெரிது. மேளமடித்தவர் பெயரைத் தேடி அரை மணி நேரம் வீணடித்தவருக்கு இதன் அருமை தெரியும்.

சரி, எதை வாங்குவது? நானாக இருந்தால் சிடி. புதிய பொருளானாலும் பழைய பொருளானாலும் எல்பியைவிட மலிவு, கெட்டுப்போவதும் குறைவு. கணினியில் ஒருமுறை பிரதியெடுத்துவிட்டால் பதிவிறக்கத்தின் வசதியும் கிடைத்துவிடுகிறது. பிரதியை ஃபிளாக் வடிவில் எடுங்கள். தரம் ஒரு துளியும் குறையாமல் ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான பிரதியைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2014இல் அனுமதித்து, 2015இல் நீதிமன்றம் ரத்து செய்த கூத்தும் நடந்தது. எனவே உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்கப் பொறுமை இருந்தால் எல்பி வாங்கலாம். ஆனால் சூட்கேஸ் வடிவில் வரும் மலிவுக் கருவியில் அதைப் போடாதீர்கள். நல்ல கருவியில் ஊசி ஏறக்குறைய 2 கிராம் எடையில் தட்டைத் தொடும். சூட்கேஸ் கருவிகளில் பலவும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். கேட்கக் கேட்கப் பள்ளம் தேயும். கேசட்டைப் பாசத்துக்காக வாங்கலாம், ஒலிக்காக வேண்டாம்.

உங்கள் பழைய சிடிகளைக் கழிக்க வேண்டாம்; முதலில் பரிசோதியுங்கள். பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தையே பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். ஆபத்து மேலே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பிளாஸ்டிக்கைத் தாண்டி, படம் அச்சிட்ட பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு நேர் கீழேதான் இசையைத் தாங்கும் அலுமினியப் படலம் உள்ளது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேற்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் போனது போனதுதான். தட்டை விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: ஊசிமுனைத் துளைகளாக வெளிச்சம் நிறையத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து செம்புநிறம் படர்ந்திருந்தாலோ அதை அன்றே பிரதியெடுத்துவிடுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் இந்தச் செம்புநிற நோய் பெயர்பெற்றது. துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். தடத்தைக் குறுக்கே வெட்டும் சிறு கீறலைக் கருவியின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். தடத்தோடு நீளமாகப் போகும் கீறலைச் சமாளிப்பது கடினம்.

பெட்டியில் நீங்களே பதிந்த சிடிகளும் கலந்திருக்கும். அவற்றை முதல் வரிசையில் வையுங்கள். அவற்றில் இசையைத் தாங்குவது சாயப் படலம். வெயிலிலும் வெப்பத்திலும் அது வெளிறிவிடும். பிரதியெடுத்தபின் ஒருமுறை முழுதாக ஒலிக்கவிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றிவிடுங்கள். கடையில் வாங்கிய சிடியில் ஒன்றை விற்க நினைத்தால், விற்றபின் அதன் பிரதியைக் கணினியில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லாமல் போகலாம்; அதனால் வேண்டாத ஆல்பங்களை மட்டும் கொடுங்கள், மற்றவற்றை மகளின் அலமாரியிலேயே நிற்கவைத்து அடுக்கிவிடுங்கள்.