போகலாம் தம்பி, ஆனால் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு,

ஜெர்மனியின் ஹானோவரில், விழும் அணுக்களைக் கொண்டு ஈர்ப்பை அளக்கும் அணு இன்டர்ஃபெரோமீட்டர் என்ற கருவியில் வேலை செய்யும் குழு ஒன்றில் முனைவர் ஆய்வுக்கு இடம் வந்திருக்கிறது. 3 ஆண்டு ஒப்பந்தம், 75 சதவீத வேலை. உங்களிடம் இருப்பது ஏட்டறிவுதான் என்கிறீர்கள். அப்பா தோப்பை அடமானம் வைக்கவா என்கிறார். போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். தோப்பைத் தொட வேண்டாம்.

இங்கே முனைவர் ஆய்வு என்பது சம்பள வேலை. மாநில ஊதிய அட்டவணையில் 13ஆம் பிரிவு. 75 சதவீதம் என்றால் சம்பளம் முக்கால். லேப் உங்களை முழுசாகத்தான் கேட்கும். வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக, ஒற்றை ஆள் வாடகை கொடுத்து ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

ஏட்டறிவு பற்றிக் கவலை வேண்டாம். 1991இல் காசெவிச், சூ என்ற இயற்பியலாளர்கள் செய்து காட்டியதுதான் அடிப்படை: குளிர்வித்த அணுக்களை விழவிட்டு, மூன்று லேசர் துடிப்புகளால் அவற்றின் அலையைப் பிரித்து, திருப்பி, சேர்ப்பது. விழும் நேரம் இரட்டித்தால் ஈர்ப்பின் தடம் நான்கு மடங்காகும். அதற்காகத்தான் இங்கே 10 மீட்டர் உயரக் கருவியை நிறுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கை பழகத்தான் நாளாகும். அணுக்கள் விழும் வெற்றிடக் கலத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு செப்பு வளையம் உண்டு. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட முடியாது. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அப்புறம் சூடேற்றும் பட்டையும் அலுமினியத் தாளும் சுற்றி, உலோகத்தில் ஒட்டிய ஈரம் போகும்வரை நாள்கணக்கில் வேகவைப்போம். ஆறியதும் அழுத்தம் இறங்கவில்லையா, எங்கோ ஒரு மூட்டு கசிகிறது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். விழவிடும் ருபீடிய அணுக்களுக்கான 780 நானோமீட்டர் லேசரோ, யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே கோபித்துக்கொள்ளும் மாமியார்.

அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கருவியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்களா, அளக்கத் தொடங்கிவிட்டார்களா? கட்டும் கட்டம் 3 ஆண்டை அப்படியே விழுங்கிவிடும். ஒப்பந்தம் முடியும்போது கையில் அளவீட்டு வரைபடம் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் தயாரான கருவியில் சேர்ந்தால் கட்டுரை வரும், ஆனால் ஒன்று பழுதானால் திகைத்து நிற்பீர்கள். என்னைக் கேட்டால் பாதி கட்டியதுதான் நல்லது. பேராசிரியரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு எப்போதும் அடுத்த மாதம் முடிந்துவிடும். மூன்றாம் வருஷத்தில் இருக்கும் மாணவரைப் பிடியுங்கள். முன்னால் முடித்தவர்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, ஒப்பந்தத்தை நீட்டித்தார்களா என்று விசாரியுங்கள். பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கச் சட்டமே இடம் தருகிறது. நிரந்தர வேலை என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இதனால் என்ன பயன் என்று அவர் கேட்டால், நிலத்தடியில் ஒரு மீட்டர் கனத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் மேலே ஈர்ப்பு சுமார் 10 கோடியில் 4 பங்கு குறையும், இதே முறையில் இயங்கும் நல்ல அணு ஈர்ப்புமானி அதையும் பிடித்துவிடும் என்று சொல்லுங்கள். போர்வெல் போட்டால் புகைதான் வருகிற நம் பக்கத்தில் வேறு விளக்கம் தேவைப்படாது.

லேபில் ஆங்கிலம் போதும். ஆனால் பட்டறையில் உதிரிபாகம் கடைந்து தருபவர் ஜெர்மன்தான் பேசுவார், அவர் தயவில்லாமல் எதுவும் நகராது. வீட்டில் தமிழும் பஞ்சாயத்து ஆபீசில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள் நாம், சமாளிக்கலாம். குளிர்காலத்தில் நாலரைக்குள் இருட்டிவிடும், அதுதான் கொஞ்சம் படுத்தும். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ரயிலில் போய்வரலாம்; ஈழத்தவர்கள் கட்டியது.

விசா விஷயம்: கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிறதே என்று சென்னைக்கு விண்ணப்பிக்காதீர்கள். கேரள முகவரிக்கு பெங்களூரு துணைத்தூதரகம்தான். வேலைக்கான கடிதம் கைக்கு வந்த அன்றே தேதிக்குப் பதிந்துவிடுங்கள்.