காய்ச்சல் வலிப்பு வந்தால் மூளை மந்தமாகுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சலில் இரண்டு முறை ஃபிட்ஸ் வந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. "மூளை மந்தமாகிவிடும், தினமும் பீனோபார்பிட்டோன் வலிப்பு மாத்திரை கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? - வாசகி, திண்டுக்கல்.

பதில்: வேண்டாம். உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அது சாதாரண காய்ச்சல் வலிப்பு. அதனால் மூளை மந்தமாகாது. பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகள் 10 வயதில் அறிவு, படிப்பு, நடத்தை மூன்றிலும் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள்.

கவலை அந்த மாத்திரையைப் பற்றித்தான். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், காய்ச்சல் வலிப்பு வந்த 217 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் பீனோபார்பிட்டோன், மற்றவர்களுக்கு மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து. இரண்டு ஆண்டில் மாத்திரைக் குழுவின் ஐ.க்யூ. (அறிவுத்திறன் அளவு) சராசரி மற்ற குழுவைவிட 8.4 புள்ளி குறைவாக இருந்தது; நிறுத்தி ஆறு மாதமான பிறகும் 5.2 குறைவு. வலிப்பாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

வலிப்பு மறுபடி வரலாம். பாராசிட்டமால் உடம்புவலியைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்காது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் ஸ்ப்ரே, உடனே 108. ஸ்ப்ரேயை டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். ஓர் அழுத்தத்துக்கு 0.5 மி.கி., 1.25 மி.கி. என இரண்டு வகை உண்டு, அவசரத்தில் மாறிவிடும். பையன் எடைக்கு எத்தனை அழுத்தம் என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே ஒட்டிவையுங்கள்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, ஒரு மணி நேரமாகியும் தெளியாவிட்டாலோ வேறு காரணம் தேட வேண்டும். முதல் வயதிலேயே நீண்ட வலிப்புகள் தொடங்கி, பிறகு பேச்சும் நடையும் பின்தங்கினால் மரபணுச் சோதனைகூடத் தேவைப்படலாம். உங்கள் பையனுக்கு இரண்டு வயதாகும்போது "தண்ணி தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா பாருங்கள். இல்லையென்றால் வலிப்பின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல், முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.