அட்டையில் விடுபட்ட ஊசிகள்

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர் நான். பள்ளிக்கூடமே போகாத தாய்மார்களின் குழந்தைகளுக்குத்தான் எங்கள் ஊரில் தடுப்பூசி அதிகம் விடுபடுகிறது. இதற்குப் படிப்பின்மை காரணமா, வறுமையா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: நீங்கள் கண்டது உங்கள் ஊரோடு நிற்பதில்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளிக்குச் செல்லாத தாய்மார்களின் குழந்தைகளில் 52 விழுக்காட்டினரே அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றிருந்தனர். பன்னிரண்டாம் வகுப்பு வரையோ அதற்கு மேலோ படித்த தாய்மார்களின் குழந்தைகளில் அது 70 விழுக்காடு. ஆனால் படித்த பெண் பெரும்பாலும் ஓரளவு வசதியுள்ள வீட்டிலும் மருத்துவமனை பக்கத்திலுள்ள ஊரிலும் வாழ்கிறார் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1998இல் ஆய்வாளர்கள் சோனால்டே தேசாயும் சௌமியா ஆல்வாவும் 22 நாடுகளின் தரவுகளில் வசதி, ஊர் ஆகியவற்றின் பங்கைப் பிரித்துப் பார்த்தபோது, குழந்தை இறப்பிலும் உயரத்திலும் தாயின் கல்விக்கு இருந்த பங்கு வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசியில் மட்டும் ஏறத்தாழப் பாதி நாடுகளில் அது நிலைத்து நின்றது.

தடுப்பூசி இலவசம்தான், ஆனால் ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள், பிறகு ஒன்பது மாதம் என நாள் தவறாமல் திரும்ப வர வேண்டியிருக்கிறது. முதல் ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால், "இனி அந்த ஊசியே வேண்டாம்" என்று மாமியார் சொல்லும்போது, அது இரண்டொரு நாளில் தணிந்துவிடும் என்று எடுத்துச் சொல்லும் துணிவும், செவிலியரிடம் கூச்சமின்றிக் கேட்கும் பழக்கமும் பள்ளிக்கூடம் தரும் பெரிய கொடைகள் என்றே நான் கருதுகிறேன். அட்டையைப் படிக்கத் தெரிவது அதற்கு அடுத்ததுதான்.

பள்ளி தராததை நீங்கள் தர முடியும். காய்ச்சல் வரலாம் என்பதை ஊசிக்கு முன்பே, முடிந்தால் மாமியாரும் கணவரும் உடனிருக்கும்போது சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு வர வேண்டிய புதன்கிழமை எது என்பதைத் தாயின் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நாள் கடந்து வருபவரைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

கேள்வி: என் மருமகள் பட்டதாரி. கைபேசியில் வந்த செய்திகளைப் படித்துவிட்டு, தட்டம்மை ஊசி வேண்டாம் என்கிறாள். படித்தவர்களே இப்படிச் செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதும் வாட்ஸ்அப் வதந்திகளால் படித்த பெற்றோர் பலர் தயங்கினர். படிப்பு மட்டுமே போதாது என்பதற்கு நம் மாநிலமே சான்று: முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் சுமார் 81 விழுக்காடாக இருந்து, 2015-16இல் 70 விழுக்காடாகக் குறைந்தனர். அந்தப் பத்தாண்டுகளில் பெண்களின் படிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்த துயரத்தை அடுத்து, துணை சுகாதார நிலையங்களில் போடப்பட்டு வந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. தூரமும் அச்சமும் சேர்ந்துகொண்டன.

உங்கள் மருமகளின் அச்சம் குழந்தையின் மீதுள்ள அக்கறையிலிருந்து வருவது. அவரோடு வாதாட வேண்டாம். அவர் படித்த செய்தியோடு குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவரே கேட்கட்டும். முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டியது என்பதால், அதற்கு முன்பே அந்தச் சந்திப்பு நடப்பது நல்லது.